ஒன்பது நாள் ஓடிய கேசட்

என் குரலை எங்காவது கேட்க நேர்ந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வீட்டில் கல்யாண வீடியோ போடும்போதுகூட நான் பேசுகிற இடம் வந்தால் அடுப்படியில் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். "இவ டிவியில நியூஸ் படிச்சவளாம், இவ குரலே இவளுக்கு ஆவாதாம்" என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் யாரும் ஒன்பது நாள் தொடர்ந்து தங்கள் குரல் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டே தெருத்தெருவாக வருவதைக் கேட்டவர்கள் இல்லை.

பெரிய டிவி என்று நினைத்துவிட வேண்டாம். புத்தூரில் ஒரு உரக்கடையின் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் கேமரா, இரண்டு டியூப்லைட், நீலத்துணி கட்டிய சுவர். மற்றொன்றில் டேப் மிஷின்கள். படியேறும்போதே யூரியா நாற்றம் மூக்கில் ஏறும். முதலாளி முன்பு வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். ஆகாயத்திலிருந்து சேனல்கள் இறங்க ஆரம்பித்ததும் கேசட்டை வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. மனிதர் தலையில் துண்டு போட்டுக்கொண்டு உட்காரவில்லை. தானே ஒரு சேனல் ஆரம்பித்துவிட்டார். நாள் முழுக்க சினிமாப் பாட்டு, நடுநடுவே புடவைக் கடை விளம்பரம். சாயங்காலம் ஏழு மணிக்குத் தமிழில் கால் மணி நேரம், அதற்குப் பிறகு தெலுங்கில் கால் மணி நேரம். அந்தத் தமிழ்க் கால் மணி நேரம்தான் என் உத்தியோகம்.

அதில் நான் படித்ததெல்லாம் எங்கள் எல்லை ஊர்ச் சங்கதிகள். யாருக்குக் கல்யாணம், யார் இறந்தார், எங்கே நாளைக்குக் கரண்ட் இருக்காது, யார் வீட்டு மாடு எந்த ஊர்ப் பக்கம் போயிற்று. மெட்ராஸ் சேனலைப் போட்டால் தமிழ்நாடு தெரியும், ஐதராபாத் சேனலைப் போட்டால் ஆந்திரா தெரியும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் எங்களுக்கு, பக்கத்து ஊர்ச் சாவு தெரிய வேண்டுமென்றால் என் முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும். வரதய்யபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. நைனா அடுத்தவன் கழனியில் கூலிக்குப் போனவர். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் டிவியில் வந்ததும் சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு பரவியிருந்தது. "அந்தப் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்." எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, மணி ஐந்து இருக்கும், ஒரு பெண் படியேறி வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். சூளூர்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. கம்பெனியில் கெஞ்சி இரண்டு நாள் லீவு வாங்கி, நைனாவை மலைக்கு அழைத்துப்போயிருக்கிறாள். அம்மா செத்த பிறகு நைனாவுக்கு ஞாபகம் சரியில்லாமல் போனதாம். அது தெளிந்தால் இரண்டு பேரும் முடி கொடுப்பதாக வேண்டுதல். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்ததும் கிளம்பிவிட்டார்கள். தரிசனம் முடிந்து கீழே இறங்கி, திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அவரை ஒரு தூண் ஓரமாக உட்காரவைத்து, பிரசாதப் பையை மடியில் கொடுத்து, "இங்கியே இரு நைனா, நான் வர்ற வரிக்கும் எங்கியும் போவாத" என்று சொல்லிவிட்டு டிக்கெட் விசாரிக்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது தூண் இருந்தது, அவர் இல்லை.

"நேத்துலேர்ந்து தேடிக்கினுகிறேன் அக்கா. போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். உங்க டிவியில ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எங்கயாச்சும் ஒருத்தர் கண்ணுல படுவாரு."

கையில் ரேஷன் கார்டு வைத்திருந்தாள். நான் அதை வாங்கி, போட்டோவைப் பார்த்து, மளமளவென்று எழுதினேன். கார்டில் இருந்த பெயர். ஊர். வயது அறுபதுக்கு மேல். மாநிறம். தலை நிறைய நரைமுடி, முறுக்கு மீசை. வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு. எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். ஏழு மணிக்குப் படித்தேன். போட்டோவை இரண்டு நிமிஷம் திரையில் நிறுத்தினோம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் தலை மொட்டை. சந்தனம் பூசி, அது காய்ந்து வெடித்து, தாவணி நுனியை மேலே போட்டிருந்தாள். ஒரு மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். முடி கொடுக்கப் போனோம் என்று அவள் வாயாலேயே சொன்னாள். நானும் கேட்டேன். கேட்டுவிட்டு, தலை நிறைய நரைமுடி என்று எழுதினேன்.

வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலை கண்ணில் படாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் மொட்டை, பேங்க் கவுண்டரில் மொட்டை, பரீட்சை எழுத வந்த பிள்ளைகளில் பாதி மொட்டை. ஒருவர் முடியோடு இருக்கிறாரா இல்லையா என்பது சட்டை மாற்றுவது போல ஒரு சமாசாரம். கார்டில் முடி இருந்தது, எழுதினேன். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவள் என்று வீட்டில் என்னைத் திட்டுவார்கள். போட வேண்டிய ஒரே முடிச்சை அன்றைக்கு நான் போடவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளே ஓடிவந்தாள். படியேறும் முன்பே கத்தினாள்.

"அக்கா, அவருக்குத்தான் முடி இல்லியே! மீசையும் எடுத்துட்டாங்க. நான் ஒரு பைத்தியக்காரி, நீங்க படிச்சப்ப மண்டைய ஆட்டிக்கினு இருந்துட்டேன்."

இன்னொன்றும் சொன்னாள். கார்டில் இருக்கும் பெயர் ஆபீசுக்காரர்கள் எழுதிக்கொண்டது. ஊரில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கைநாட்டு வைக்கிறவருக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்குமோ இருக்காதோ. ஊரில் கூப்பிடும் பெயர் வேறு. நான் இரண்டையும் திருத்தி எழுதிக்கொண்டேன். "இன்னைக்கு ஏழு மணிக்கு முதல் செய்தியே உன் நைனாதான்" என்று சொல்லி அனுப்பினேன்.

பத்து மணிக்கு எங்கள் சேனல் கேபிளிலிருந்து எடுக்கப்பட்டது.

அந்தச் சண்டை ஒரு மாதமாகப் புகைந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் ஊருக்கு ஒரு கேபிள்காரர். மொட்டைமாடியில் ஒரு டிஷ், கம்பம் கம்பமாக ஒயர், அவ்வளவுதான். எங்கள் முதலாளி அவர்களோடு டீ குடித்தே காரியத்தை முடித்துவந்தார். பிறகு திருப்பதியில் ஒரு கம்பெனி முளைத்து, இந்தச் சின்னச் சின்ன கேபிள்காரர்களையெல்லாம் வளைத்துப்போட்டது. எங்கள் ஒயரில் உன் சேனல் ஓட வேண்டுமானால் மாதாமாதம் கட்டணம் கட்டு என்றது. முதலாளி பொங்கிவிட்டார்.

"எங்கூரு சாவும் கல்யாணமும் பாக்கத்தான் ஜனங்க உன் ஒயர வாங்கறாங்க. நீதான்யா எனக்குக் குடுக்கணும்!"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்திருக்கலாம். எனக்கு அன்றைக்கு அதுவா கவலை? கையில் திருத்திய காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன். "சார், அந்த ஒரு அறிவிப்பு மட்டுமாவது போவணும் சார். அவங்ககிட்ட ஒரு போன் பண்ணுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"நல்லதாப் போச்சும்மா. ஜனங்க கேக்கட்டும். ஒரு மனுசன் காணாமப் போயிருக்கான், அதச் சொல்ல விடமாட்டேங்கறான்னு ஊரே அவன் மேல பாயட்டும். நானா போன் பண்ணா இறங்கிப் போன மாதிரி ஆயிடும்."

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். எல்லா வீட்டிலும் எங்கள் சேனல் இருந்த இடத்தில் பகல் முழுக்க நீலத்திரைதான். சரியாக ஏழு மணிக்கு ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து "வணக்கம்" என்று என் குரல் வந்தது. நின்றுவிட்டேன். அடுத்த வீட்டிலிருந்தும் வந்தது. செருப்புக் கடையிலிருந்து, பரோட்டாக் கடையிலிருந்து, எதிர்ச் சந்திலிருந்து. தெருவில் நான் வாயை மூடிக்கொண்டு நிற்க, தெரு முழுக்க நான் பேசிக்கொண்டிருந்தேன். பரோட்டாக் கடை வாசலில் போய்ப் பார்த்தேன். நேற்றைய புடவையில் நான் உட்கார்ந்திருந்தேன். "தலை நிறைய நரைமுடி, முறுக்கு மீசை" என்றேன்.

நடந்தது இதுதான். காலையில் மறு ஒளிபரப்புக்காக ஒவ்வொரு நாள் கேசட்டையும் கேபிள் கண்ட்ரோல் ரூமில் கொடுத்துவைப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை கேசட் அங்கேயே இருந்தது. செய்தி எங்கே என்று ஜனங்கள் சத்தம் போட்டதும், அதை எடுத்து ஓட்டிவிட்டார்கள். மறுநாளும் ஓட்டினார்கள். அதற்கு மறுநாளும்.

கார்வேட்டிநகரத்தில் ஒருவர் அந்த ஒன்பது நாளும் தினம் ஒரு முறை செத்தார். அவர் வீட்டார் வந்து சண்டை போட்டார்கள், காரியம் முடிந்த பிறகும் சாவு வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்களாம். ஒரே ஜோடிக்கு ஒன்பது நாள் கல்யாண வாழ்த்து. ஓடிப்போன ஒரு எருமை வீடு திரும்பிப் பால் கறக்க ஆரம்பித்த பிறகும் டிவியில் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் சொல்லி மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் ஒருநாள் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

இரண்டாம் நாளே கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். அங்கிருந்த ஆபரேட்டர் தெரிந்தவர்தான், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். திருத்தத்தை ஒரு அட்டையில் எழுதி அரை நிமிஷம் காட்டச் சொன்னேன். முடியாது என்றார். அப்படியென்றால் கேசட்டையாவது நிறுத்துங்கள் என்றேன். அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சொல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, தப்பாகச் சொல்லாமல் இருந்தால் போதும்.

"நிறுத்தினா ஜனங்க கம்பத்துல ஏறி ஒயர அறுத்துடுவாங்க தங்கச்சி. கம்பெனி சொல்லாம நான் ஒரு ஸ்விட்சத் தொடக்கூடாது. திருப்பதியில போய்க் கேளு."

போனேன். கம்பெனி ஆபீசில் டை கட்டிய ஒருவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சிரித்துக்கொண்டே தெலுங்கில் கேட்டார், "உங்க முதலாளிதானே அனுப்பினாரு?" இல்லை என்றேன். "மொட்டையடிச்ச ஒருத்தரத் திருப்பதியில தேடறீங்க, அதுக்கு எங்க ஒயர் வேணும். நல்ல கதைம்மா. கட்டணத்தப் பேசி முடிக்கச் சொல்லுங்க, அப்புறம் இஷ்டம்போலப் படிங்க." படியிறங்கும்போது அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். காணாமல் போன மனிதர் இரண்டு பக்கத்துக்கும் ஒரு வாதமாகிவிட்டார். மனிதராக அவரைத் தேடியது அந்தப் பெண் ஒருத்தி மட்டும்தான்.

அவள் லீவு முடிந்தும் கம்பெனிக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், மலையடிவாரம் என்று அலைந்தாள். ஒருநாள் அவளோடு நானும் போனேன். திருப்பதியில் மொட்டையைத் தேடினாற்போல என்று ஒரு பேச்சு உண்டு, விளையாட்டாகச் சொல்வோம். அன்றைக்கு அதன் நடுவில் நின்றேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை வேட்டி, மஞ்சள் தலை. அவள் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி முகத்தைப் பார்த்தாள். ஏழு மணிக்கு டீக்கடை டிவிகளில் என் குரல் கேட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், கோபமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்தாம் நாள் பேச்சு முடிந்தது. யார் இறங்கினார்கள், எவ்வளவுக்கு முடிந்தது என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. முதலாளி இனிப்புப் பெட்டி வாங்கிவந்தார். நான் தொடவில்லை. ஏழு மணிக்கு உட்கார்ந்து, வணக்கம் சொன்ன கையோடு திருத்திய அறிவிப்பைப் படித்தேன். மொட்டைத்தலை, மீசை இல்லை, ஊரில் கூப்பிடும் பெயர் இது, மடியில் பிரசாதப் பை இருக்கலாம். படித்து முடித்து எழுந்திருக்கக்கூட இல்லை, போன் அடித்தது.

ரேணிகுண்டா ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு தெலுங்குக்காரர். பக்கத்து பூத்திலிருந்து பேசினார். "அம்மா, அந்தப் பெத்தாயன எங்கிட்டதான் இருந்தாரும்மா." எங்கள் பக்கத்துத் தெலுங்கில் பெரியவரை அப்படித்தான் சொல்வார்கள். "முந்தாநாள் காலையில வரைக்கும் இருந்தாரு."

விடிந்ததும் அந்தப் பெண்ணும் நானும் போனோம். சின்னக் கடை. உள்ளே சுவரில் பலகை அடித்து டிவி வைத்திருந்தார். டிவிக்கு நேர் கீழே ஒரு பெஞ்சு. அதைக் காட்டினார். அங்கேதான் உட்கார்ந்திருந்தாராம், எட்டு நாள்.

ஏதோ பஸ்ஸில் ஏறி வழியில் இறக்கிவிடப்பட்டு வந்தவர். பேர் கேட்டதற்கு வீட்டில் கூப்பிடும் பேரைச் சொல்லியிருக்கிறார். ஊர் கேட்டால், அந்தாண்ட என்று கையைக் காட்டியிருக்கிறார். கடைக்காரர் டீயும் பன்னும் கொடுத்து, மத்தியானம் தன் சோற்றில் பாதியும் கொடுத்துவந்திருக்கிறார். தமிழ்ப் பேச்சு கேட்டால் அவர் முகம் மலர்கிறது என்று ஏழு மணிக்கு எங்கள் சேனலைப் போட்டுவிடுவாராம். நான் ஊர்ப் பேரைச் சொன்னதும் முதல் நாளே துள்ளி எழுந்து, "நம்மூரு! நம்மூருதான்!" என்றிருக்கிறார்.

"ஊர் தெரிஞ்சிடுச்சே, பஸ் ஏத்தி உடறேன்னு சொன்னேம்மா. எம் பொண்ணு வர்றேன்னு சொல்லிக்கிது, வராம நான் எப்படிப் போறதுன்னாரு. அந்தப் போட்டோ ஆளு வேற, இவரு வேறன்னு நெனச்சிட்டேன். முடி இருக்குது, மீச இருக்குது, பேரு வேற. ஒரே ஊர்க்காரங்கன்னுதான் நெனச்சேன்."

அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"தெனம் நீங்க படிப்பீங்க. அவரு கேப்பாரு. பாவம், நம்மூரு ஆளு, இன்னும் கெடைக்கலியான்னு எங்கிட்டக் கேப்பாரு. ரெண்டு நாள் சோறு துன்னவே இல்ல. அன்னிக்குக் காலையில எழுந்து, நான் போய்த் தேடறேன்னு கெளம்பிட்டாரும்மா. உங்க பொண்ணு வந்தா என்ன சொல்றதுன்னு கேட்டேன். இப்ப வந்துடுவேன், உக்காரச் சொல்லுன்னாரு. அந்தப் பிரசாதப் பைய எட்டு நாளா பிரிக்கவே இல்ல. அதக் கையில எடுத்துக்கினாரு. அந்த ஆளு பசியோட இருப்பான்னாரு."

அவராகவே சொன்னார்.

"ரோட்ல எறங்கினவரு திரும்பி வந்து, தல நெறைய முடி, முறுக்கு மீசன்னுதானே சொன்னாங்கன்னு கேட்டாரு. ஆமான்னேன். அந்தப் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டுப் போயிட்டாரும்மா."

ரேணிகுண்டா, ஏர்ப்பேடு, காளஸ்தி வரை தேடினோம். அதற்கு மேலும் அவள் தேடினாள். நான் தினமும் திருத்திய அறிவிப்பைப் படித்தேன், மாதக்கணக்கில் படித்தேன். மொட்டைத்தலை, மீசை இல்லை. முதலாளி ஒரு வார்த்தை தடுக்கவில்லை, அவருக்கும் உறுத்தியிருக்கும். அவளுக்கு ஷூ கம்பெனி வேலை போய், வேறு கம்பெனியில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த டீக்கடைக்குப் போய், உட்காரச் சொன்ன இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

ஒரு வருஷம் கழித்து ஒருநாள் அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். தலையில் முடி வளர்ந்து, சின்னதாகப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டியிருந்தாள். நான் அந்தப் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. திருத்திய காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து பழைய காகிதத்தைத் தேடி எடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

ஏழு மணிக்கு அவளை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு படித்தேன். தலை நிறைய நரைமுடி. முறுக்கு மீசை. அதே வார்த்தைகள், பெயரை மட்டும் ஊரில் கூப்பிடும் பெயராக மாற்றினேன். இப்போது சரியாக இருக்கும். படித்து முடித்து இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.